அஸ்தியின் அளவும் ஆண் பெண் நிர்ணயமும்



கிணறு தூர் எடுக்கும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, வெள்ளம் வடிந்த ஓடைக்கரையிலோ, சதை முழுவதும் மண்ணோடு மண்ணாகிவிட்ட ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டு, போலீஸார் விசாரணை நடத்தி, எலும்புகளைச் சேகரித்துக் கட்டி முத்திரையிட்டு அரசாங்க வைத்திய நிபுணரிடம் அனுப்பி வைக்கிறபோது, அவற்றோடு கூடவே ஒரு கேள்விப் பட்டியலும் போய்ச் சேருகிறது. இவை மனித எலும்புகள்தாமா, ஒருவருடையவையா பலருடையவையா, இறந்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன, இறந்து எவ்வளவு காலமாயிற்று, மரணத்தின் காரணம் யாது என்பவை அந்தக் கேள்விகள். இவற்றுள் மூன்றாவது கேள்வி ஒன்றை மட்டுமே இன்று மாலை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இந்த ஒரு விடை, காணாமற்போனோர் பட்டியலில் பாதிப்பேரை விலக்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, பின்னால் வரும் விடைகள் பலவும் இதன் தோள்மீதே நிற்கின்றன என்பது. தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிப்பதற்காக, 1952இல் மில்ட்ரெட் டிராட்டர், கோல்டின் கிளெஸர் என்னும் இரு பெண்மணிகள் அமெரிக்க வெள்ளையரின் எலும்புகளைக்கொண்டு வகுத்த சூத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணாயின் சென்டிமீட்டரில் உள்ள நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்ட வேண்டும், பெண்ணாயின் 2.47ஆல் பெருக்கி 54.10ஐக் கூட்ட வேண்டும். 44 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே எலும்பு, ஆணுடையதென்று கொண்டால் 166 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரையும், பெண்ணுடையதென்று கொண்டால் 163க்கும் சற்றே குறைந்த உயரமுள்ள ஒருவரையும் காட்டுகிறது. வயதை மதிப்பிடும் முறைகள் பலவற்றிலும் இதே நிலைதான்.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் மொஃபாட் என்னும் சிற்றூருக்கு அருகே, நெடுஞ்சாலைப் பாலமொன்றின் அடியிலிருந்த ஓடைப் பள்ளத்தில், துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிக் கட்டிய மனித உடல் துண்டுகள் கிடைத்தன. வெட்டியவன் உடற்கூறு கற்றவன் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது; ஏனெனில் கண், மூக்கு, காது, உதடு, விரல் நுனி என்று ஆளை அடையாளம் காட்டக்கூடிய பாகங்களையும், ஆண் பெண் பேதத்தைக் காட்டக்கூடிய பாகங்களையும் அவன் தேடித் தேடி அகற்றியிருந்தான். அந்தச் சூழ்ச்சி தொடக்கத்தில் பலித்தது என்றே சொல்ல வேண்டும்: கிடைத்த இரண்டு உடல்களில் ஒன்று ஆணுடையது என்று முதலில் கருதினார்கள். அந்தக் கருத்து நிலைத்திருக்குமானால், ஒன்றாகக் காணாமற்போன ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேடி அந்தத் தேசம் முழுவதும் வீணே அலைந்திருக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜான் கிளெய்ஸ்டரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷும் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, எலும்புகளை ஆராய்ந்து, இருவருமே பெண்கள் என்று நிறுவினார்கள். சுற்றியிருந்த செய்தித்தாள்களில் ஒன்று, இங்கிலாந்தில் லாங்காஸ்டர் வட்டாரத்துக்கென்று மட்டும் தனியாக அச்சிடப்பட்ட பதிப்பு என்பது தெரியவந்தபோது, அந்த ஊரிலே காணாமற்போயிருந்த இரண்டு பெண்களைப் பற்றிய செய்தி இதனோடு வந்து இணைந்தது. அவர்கள், பம்பாயிலே பிறந்து லாங்காஸ்டரில் வைத்தியத் தொழில் நடத்திவந்த பக் ரக்ஸ்டன் என்பவனோடு மனைவியாக வாழ்ந்த இஸபெல்லாவும், அந்த வீட்டுப் பணிப்பெண் மேரி ரோஜர்ஸனும் ஆவார்கள். 1936 மே 12ஆம் தேதி மான்செஸ்டர் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். மண்டையோட்டின் நிழற்படத்தை, இஸபெல்லா உயிரோடிருந்தபோது எடுத்த படத்தின்மேல் வைத்துப் பொருத்திக் காட்டிய பிராஷின் சாதனையையே இவ்வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிதும் பாராட்டுவது வழக்கம். பாராட்டத் தகுந்ததுதான், ஆனால் அந்தச் சாதனைக்கு இடமுண்டானதே, முதலில் செய்த ஆண் பெண் நிர்ணயத்தைத் தயங்காமல் திருத்திக்கொண்டதால்தான் என்பது என் எண்ணம்.

இனி எலும்புக்கு வருவோம். வளர்ந்த மனித உடலில் உள்ள 206 எலும்புகளில், ஆண் பெண் பேதத்தை மிகத் தெளிவாகக் கூறுவது இடுப்பு. மற்ற எலும்புகளில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் பருமனைப் பற்றியது. ஆணின் எலும்பு பொதுவில் பெரியது, கனமானது, தசைகள் பற்றிநின்ற இடங்களில் முரடானது, அவ்வளவே. இடுப்பில் உள்ள வித்தியாசமோ அது செய்யும் தொழிலைப் பற்றியது. இரண்டு கால்களில் நிமிர்ந்து நடப்பதற்கு ஏற்ற இடுப்பும், பெருந்தலையோடு பிறக்கும் மனித சிசு வெளிவருவதற்கு ஏற்ற இடுப்பும் ஒன்றாக அமைய வேண்டிய நெருக்கடி பெண்ணின் சரீரத்துக்கு மட்டுமே உண்டு. சிறுபிராயத்தில் இந்த வித்தியாசம் மிகச் சொற்பம். பருவமெய்தும் காலத்தில் சுரப்பிகளின் தூண்டுதலால் இடுப்பின் முன்பகுதியாகிய பூப்பெலும்பு பெண்ணில் பக்கவாட்டில் நீண்டு வளர, இடுப்பு வளையமே வேறு வடிவத்தைப் பெறுகிறது.

இம்மேசைமேல் இரண்டு இடுப்பு வார்ப்புகளை வைத்திருக்கிறேன். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் சொல்லால் விவரிக்கிறேன். வலம், இடம் என்னும் இரண்டு இடுப்பெலும்புகளும் முன்புறத்தில் சந்திக்கும் இடத்துக்குக் கீழே ஒரு கோணம் உண்டாகிறது. ஆணில் அது குறுகியது. பெண்ணில் செங்கோணத்தை நெருங்கியோ அதையும் தாண்டியோ விரிந்திருக்கும். பின்புறத்தில், காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு இறங்கும் வழியாகிய பள்ளம், ஆணில் ஆழ்ந்து ஒடுங்கியும் பெண்ணில் அகன்று திறந்தும் காணப்படுகிறது. மேலிருந்து நோக்கினால் பெண்ணின் இடுப்பு வாயில் வட்டத்தை ஒட்டியது. ஆணின் வாயிலில் முதுகெலும்பின் அடிப்பாகம் முன்னே துருத்திக்கொண்டு வந்து அந்த வட்டத்தைச் சிதைத்துவிடுகிறது.

இப்படிக் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எண்ணாக மாற்ற முயன்றவர்களில் ஷெர்வுட் வாஷ்பர்ன் குறிப்பிடத்தக்கவர். பூப்பெலும்பின் நீளத்தை நூறால் பெருக்கி, இடுப்பின் கீழ்ப்பகுதியாகிய இருப்பெலும்பின் நீளத்தால் வகுத்து வரும் விகிதம் பெண்களில் உயர்ந்தும் ஆண்களில் தாழ்ந்தும் இருப்பதை 1948இல் அவர் காட்டினார். இந்த விகிதத்தின் அழகு, அது உடலின் பருமனைச் சாராதது என்பது: குள்ளமான ஆணையும் நெடிய பெண்ணையும் அது குழப்பிவிடுவதில்லை. 1969இல் டி. டபிள்யூ. ஃபெனிஸ் என்பவர், அளவுகோலே இல்லாமல், பூப்பெலும்பின் முன்முகத்தில் ஓடும் ஒரு வளைந்த வரம்பு, அதன் கீழ்க்கிளையின் உள்வளைவு, அக்கிளையின் உட்புறம் கூரிய விளிம்பாக இருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் பார்த்தே நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட எலும்புகளைச் சரியாகப் பிரிக்கலாம் என்று எழுதினார். அந்த முறை சிற்சில திருத்தங்களோடு இன்றும் வழங்குகிறது.

ஆனால், நண்பர்களே, மண்ணுக்கு நம்முடைய வசதி தெரியாது. பூப்பெலும்பு மெல்லியது, முதலில் உடைவதும் உளுத்துப்போவதும் அதுவே. நாயும் நரியும் இழுத்துச் சென்றபின் எஞ்சுவது ஒரு மண்டையோடாகவோ, ஒரு தொடையெலும்பின் மேற்பாதியாகவோ இருக்கலாம். மண்டையோட்டில் புருவமேடு, கண்குழியின் மேல்விளிம்பு, காதுக்குப் பின்னுள்ள கூம்பு, பிடரியின் வரம்பு, மோவாய் என்னும் ஐந்து இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் வழக்கம், 1994இல் அமெரிக்காவில் வெளியான ஒரு விதிநூலுக்குப் பிறகு பரவலாயிற்று. இதில் அநுபவம் மிகுந்தவர் கூடத் தடுமாறுவதுண்டு. இளைஞர்களின் மண்டையோடு வழவழப்பாகவும், முதிய பெண்களின் மண்டையோடு சற்று முரடாகவும் காணப்படுவதே காரணம்.

கண்ணால் பார்த்து நிர்ணயிப்பதில் மற்றோர் அபாயம் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1823இல் வேல்ஸ் நாட்டில் பாவிலண்ட் என்னுமிடத்துக் கடலோரக் குகை ஒன்றில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் வில்லியம் பக்லண்ட், செங்காவி படிந்த ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். தந்தத்தில் செய்த அணிகலன்களும் சிப்பிகளும் கூட இருந்தன. அணிகலன் என்றால் பெண்தானே என்று கொண்டு, உரோமர் காலத்து ஸ்திரீ ஒருத்தி என்று அவர் எழுதிவைத்தார். பாவிலண்டின் சிவப்புச் சீமாட்டி என்னும் பெயர் இன்றும் மாறவில்லை. ஆனால் அந்த எலும்புகள் ஓர் இளைஞனுடையவை. காலமோ உரோமர்களுக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டு முந்தியது. இதற்கு நேர் எதிரான பிழை சுவீடனில் நிகழ்ந்தது. பிர்க்கா என்னும் வைக்கிங் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹ்யால்மர் ஸ்டோல்பே அகழ்ந்த ஒரு சவக்குழியில் வாளும் கோடரியும் ஈட்டியும் அம்புகளும் இரண்டு குதிரைகளும் இருந்தன. ஆகவே அங்கே புதைக்கப்பட்டவன் வீரன் என்று நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் சொல்லிவந்தார்கள். எலும்புகளை மறுபடி ஆராய்ந்த அன்னா க்யெல்ஸ்ட்ரோம், அவை பெண்ணுடையவை என்றார். 2017இல் வெளியான மரபணுப் பரிசோதனை அவர் கூற்றை உறுதிப்படுத்தியது. இவ்விரண்டு இடங்களிலும் விடை சொன்னது எலும்பல்ல. எலும்போடு கிடந்த பொருள்களும், அவற்றைப் பார்த்தவர் உள்ளத்தில் முன்பே குடியிருந்த அபிப்பிராயமும். உயிரோடிருந்தபோது அவர் எப்படி வாழ்ந்தார், ஊரார் அவரை எப்படி மதித்தார்கள் என்பனவற்றை எலும்பு கூறாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 1972இல் கென்னத் வைஸ் என்பவர், பலர் பல இடங்களில் நிர்ணயித்து வெளியிட்டிருந்த எலும்புத் தொகுதிகளைக் கூட்டிப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் ஆண் என்று எழுதிவிடும் சாய்வு சுமார் 12 சதவீத அளவுக்கு இருந்ததாகக் கணக்கிட்டார். அறிவாளிகள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பது அச்சந் தருவது அல்லவா?

இந்தச் சாய்வுக்கு மருந்தாகத்தான் அளவை வந்தது. கண்ணுக்கு விருப்பு வெறுப்பு உண்டு, விட்டத்தை அளக்கும் கருவியாகிய காலிப்பருக்கு இல்லை என்பது அன்றைய விஞ்ஞானிகளின் நம்பிக்கை. பெரிதும் அளக்கப்பட்டது தொடையெலும்பின் தலை. அதாவது இடுப்பின் குழியில் போய்ப் பொருந்தும் உருண்டை. கெட்டியான பாகமாதலால் மண்ணில் நெடுங்காலம் நிற்கும். உடலின் பளுவைத் தாங்குவதாதலால் பருமனை நன்கு காட்டும். லண்டனில் கார்ல் பியர்ஸனும் ஜூலியா பெல்லும் 1917 முதல் 1919 வரை வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில், அந்த உருண்டையின் விட்டம் 41.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பெண், 45.5க்கு மேற்பட்டால் ஆண் என்று வரையறை செய்தார்கள். அறுபது ஆண்டுக்குப் பின், ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த டி. டி. ஸ்டூவர்ட், அமெரிக்க எலும்புகளைக்கொண்டு 1979இல் எழுதிய நூலில், 42.5க்குக் கீழ் பெண், 47.5க்கு மேல் ஆண், 43.5க்கும் 46.5க்கும் இடைப்பட்டவை நிர்ணயிக்க இயலாதவை என்றார்.

இப்போது 46 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எலும்பை உங்கள் கையில் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பியர்ஸனிடம் கொண்டுபோனால் ஆண் என்று சந்தேகமில்லாமல் சொல்வார். ஸ்டூவர்ட்டிடம் கொண்டுபோனால் சொல்ல முடியாது என்பார். எலும்பு மாறவில்லை, காலிப்பர் மாறவில்லை, இருவருமே தம் தொழிலில் தேர்ந்தவர்கள். மாறியது ஒன்றே ஒன்று: எந்த மக்களை அளந்து அந்த வரம்பை வகுத்தார்கள் என்பது. இன்று நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அளவு என்பது எலும்பில் இருக்கிறது. வரம்பு எலும்பில் இல்லை, அளக்கப்பட்ட ஜனங்களில் இருக்கிறது.

களத்திலே இரண்டு ரக நெல்லை அருகருகே இரண்டு அம்பாரமாகக் குவித்தால், உச்சிகள் இரண்டும் தனித்தனியே தெரியும், அடிவாரத்தில் மட்டும் இரண்டு ரகமும் கலந்து கிடக்கும். ஆண்களின் அளவுகளும் பெண்களின் அளவுகளும் அமைந்திருப்பது அவ்வாறே. உச்சியருகே அள்ளிய பிடி எந்த ரகம் என்று எவரும் சொல்லிவிடலாம். கலந்த இடத்தில் அள்ளிய மணியைப் பற்றிச் சொல்லக்கூடியது, இந்த ரகமாயிருக்க இத்தனை பங்கு சாத்தியம் என்பது மட்டுமே. அம்பாரங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதே ஜனத்துக்கு ஜனம் வேறுபடுகிறபோது, உடல்வாகு பெரிய ஒரு மக்களிடத்தில் வகுத்த வரம்பை உடல்வாகு சிறிய மற்றொரு மக்களிடத்தில் வைத்துப் பார்த்தால், ஆண்கள் பலர் பெண்களாகிவிடுவார்கள். நம் நாட்டு ஆண்களின் தொடையெலும்பை அமெரிக்க வரம்பால் நிர்ணயிக்கிறவர் செய்வது அதுவே.

ஓர் அளவு போதாதென்றால் பல அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது இயல்பு. ஆனால் சேர்ப்பதற்கும் ஒரு சாஸ்திரம் வேண்டும். எலும்பின் நீளம் கூடினால் அகலமும் கூடுவது வழக்கமாதலால், இரண்டையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக் கூட்டினால் ஒரே சாட்சியை இருமுறை விசாரித்த குற்றம் நேரும். இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டென்பதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது. 1920இல் நாகபுரியில் கூடிய விஞ்ஞான காங்கிரஸில், விலங்கியல் அறிஞர் நெல்ஸன் அன்னண்டேல், கல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியர்களின் உடலை அளந்து தாம் சேர்த்துவைத்த அளவுகளை ஆராயும்படி, பௌதிகப் பேராசிரியராயிருந்த பிரசாந்த சந்திர மகாலநோபிஸைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தொடக்கத்திலிருந்து கிளைத்த சிந்தனையே, ஒன்றோடொன்று தொடர்புள்ள பல அளவுகளை அவற்றின் தொடர்பையும் கணக்கில் கொண்டு, இரு கூட்டத்தாருக்கு இடையே உள்ள தூரத்தை ஒரே எண்ணாகக் கூறும் முறை. 1936இல் அது முழுவடிவம் பெற்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷர், ஒவ்வோர் அளவையும் தக்க எடையால் பெருக்கிக் கூட்டி, வரும் தொகை ஒரு வரம்புக்கு மேலா கீழா என்று பார்த்து இரு வகைகளைப் பிரிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார். பத்தாண்டுக்குப் பின், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகலியில் பிறந்த சி. ஆர். ராவ் என்னும் இளைஞரை மகாலநோபிஸ் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? சூடானில் ஜெபல் மோயா என்னுமிடத்தில் ஹென்றி வெல்கம் 1910 முதல் 1914 வரை அகழ்ந்தெடுத்த பண்டைய எலும்புக்கூடுகளின் அளவுகளை ஆராய்வதற்கு. அந்த வேலையைச் செய்துகொண்டே ஃபிஷரின் மாணவராகி, ஃபிஷரின் முறையை இரண்டு கூட்டத்துக்கு மேற்பட்ட பல கூட்டங்களுக்கும் விரித்தவர் அவர். 102 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்த அந்தப் பேரறிஞரைப் புள்ளியியல் மாணவர்கள் அறிவார்கள். எலும்பியல் மாணவர்களும் அறிய வேண்டும்.

இந்த முறையை மண்டையோட்டின் அளவுகளில் கையாண்டு, 1963இல் யூஜீன் கைல்ஸும் ஆர்வில் எலியட்டும் நூற்றுக்கு 82 முதல் 89 வரை சரியான விடை பெற்றார்கள். கணிப்பொறி வந்தபின் இத்தகைய சூத்திரங்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. ஆயினும் எத்தனை நுட்பமான கணக்காயினும், எவருடைய எலும்பிலிருந்து அந்த எடைகளைப் பெற்றோம் என்னும் கேள்வி அதன் அடியில் கிடக்கவே கிடக்கிறது.

எவருடைய எலும்பு? கைல்ஸும் எலியட்டும் கையாண்டவை, அமெரிக்காவில் கிளீவ்லண்டில் டாட் என்பவரும் செயின்ட் லூயிஸில் டெர்ரி என்பவரும் திரட்டிய எலும்புத் தொகுதிகளைச் சேர்ந்தவை. ஒன்றில் 3000க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், மற்றொன்றில் 1700க்கு மேற்பட்டவை. இவற்றிற்குரியவர்களில் மிகப் பெரும்பாலோர், ஆஸ்பத்திரிகளிலும் தரும விடுதிகளிலும் இறந்து, உரிமை கோர ஒருவரும் வராத ஏழைகள். வாழ்ந்த காலத்தில் எவரும் கணக்கிலெடுத்துக்கொள்ளாத அந்த மக்களின் எலும்புகளே, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலக நீதிமன்றங்களில் அளவுகோலாக நின்றிருக்கின்றன. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் அவர்கள் சராசரி அமெரிக்கர் கூட அல்லர். பட்டினியும் கடும் உழைப்பும் கண்டவர்கள், முதிர்ந்த வயதினர், அவர்களிலும் ஆண்களே மிகுதி. செயின்ட் லூயிஸ் தொகுதியில் பெண்கள் குறைவாயிருந்ததை உணர்ந்து, அந்தக் குறையை ஈடுசெய்யப் பாடுபட்டவர், உயரத்தைப் பற்றி முதலில் குறிப்பிட்ட அந்த டிராட்டர் அம்மையாரேதான்.

இந்த ஏற்றத்தாழ்வு எப்படி நம்மை ஏமாற்றும் என்பதற்கு வில்டன் க்ரோக்மன் தந்த கணக்கே போதும். கிளீவ்லண்டுத் தொகுதியில் 750 எலும்புக்கூடுகளைப் பார்த்து, முழு எலும்புக்கூடும் இருந்தால் நூற்றுக்கு நூறு, இடுப்பு மட்டும் இருந்தால் 95, மண்டையோடு மட்டும் இருந்தால் 92, நீண்ட எலும்புகள் மட்டும் இருந்தால் 80 என்று தம் வெற்றி விகிதத்தைக் கூறினார். பாடநூல்கள் இந்த எண்களை மந்திரம்போல ஒப்பித்துவருகின்றன. ஆனால் அந்தத் தொகுதியில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களைக் காட்டிலும் மிகப் பல மடங்கு அதிகம் என்பதையும், ஆகவே சந்தேகத்தில் ஆண் என்று சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதையும் க்ரோக்மன் மறைக்கவில்லை. அவரை எடுத்தாண்டவர்கள்தாம் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கு மாறான ஒரு நேர்மையான வழியைக் காட்டியவர்கள் உண்டு. 1966இல் காறையெலும்பைப் பற்றி எழுதிய ஜித், சிங் ஆகிய இருவரும், சராசரியைச் சுற்றி வரம்பு வகுப்பதை விட்டுவிட்டு, ஒரு பால் எட்டவே முடியாத எல்லை எது என்று கேட்டார்கள். கணக்கு விளங்குவதற்காக மட்டும் கற்பனை எண்களை வைத்துச் சொல்கிறேன். ஏதோ ஓர் அளவில் ஆண்களின் சராசரி 45, பெண்களின் சராசரி 40, சராசரியைச் சுற்றி அளவுகள் சிதறுவதைக் காட்டும் திட்ட விலக்கம் இரண்டுக்கும் 2 என்று கொள்வோம். ஆண்களின் சராசரியிலிருந்து மூன்று விலக்கத்தைக் கழித்தால் 39. அதற்குக் கீழ் ஆண் ஏறக்குறைய இல்லை, ஆகவே அத்தகைய எலும்பு பெண்ணுடையது. பெண்களின் சராசரியோடு மூன்று விலக்கத்தைக் கூட்டினால் 46. அதற்கு மேற்பட்டது ஆணுடையது. இடையில் உள்ளவை யாவும் சொல்லத் தகாதவை. இந்த வழியில் சென்றால் பெரும்பாலான எலும்புகளைப் பற்றி நிபுணர் மௌனம் சாதிக்க நேரிடும். அது முறையின் குறை என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு மனிதனின் உயிரும் மானமும் தொங்கிக்கொண்டிருக்கும் நியாயஸ்தலத்தில், தெரியாததைத் தெரியாது என்று கூறுவதைக் குறையென்று நான் கருதவில்லை. 2005இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், பல நாட்டு இடுப்பெலும்புகளிலிருந்து எடுத்த பத்து அளவுகளைக்கொண்டு அமைத்த கணக்குமுறையும், நிகழ்தகவு 0.95ஐ எட்டினால் ஒழிய விடை தருவதில்லை என்னும் விரதத்தை மேற்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய வரம்புகளை நம் மக்களுக்கென்று வகுக்க நம் எலும்புகளே வேண்டும். நம் வைத்தியக் கல்லூரிகளின் உடற்கூற்றுச் சாலைகளில் பெட்டி பெட்டியாக எலும்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எத்தனைக்கு, இவர் ஆண், இவர் பெண், இன்ன வயது, இன்ன ஊர், இன்ன ஆண்டில் இறந்தவர் என்ற குறிப்பு சேர்ந்திருக்கிறது? குறிப்பில்லாத எலும்பால் பாடம் நடத்தலாம், வரம்பு வகுக்க முடியாது. உடல் தானம் செய்ய முன்வருகிறவர்கள் பெருகிவரும் இக்காலத்தில், குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெயரை மறைத்து, மற்ற விவரங்களை மட்டும் எலும்போடு பதிந்து வைப்பது ஒரு கல்லூரிக்கு ஆகாத காரியமல்ல. வடக்கே ஒரு மாகாணத்தில் அளந்ததைத் தெற்கே அப்படியே வழங்கலாகாது என்பதும், நம் தாத்தா காலத்து எலும்பும் நன்கு உண்டு வளர்ந்த நம் பேரப்பிள்ளைகளின் எலும்பும் ஒரே வரம்புக்குள் அடங்கா என்பதும் நினைவிருக்கட்டும்.

குழந்தைகளின் எலும்பைப் பற்றி இதுவரை பேசவில்லை. பேசுவதற்கு அதிகமில்லாததே காரணம். பருவமெய்தும் முன் எலும்பைக்கொண்டு ஆண் பெண் கூறுவது நம்பத்தக்கதல்ல. இந்த இடத்தில் உதவிக்கு வந்திருப்பது பல். பல்லின் எனாமல் உருவாகும்போது அதில் பங்குகொள்ளும் அமெலோஜெனின் என்னும் புரதத்துக்கு எக்ஸ் குரோமசோமில் ஒரு மரபணுவும், ஒய் குரோமசோமில் சற்றே வேறுபட்ட மற்றொரு மரபணுவும் இருக்கின்றன. எனாமலின் மேற்பரப்பை அமிலத்தால் இலேசாகக் கரைத்து, ஒய் வகைப் புரதத்தின் துணுக்கு அகப்பட்டால் ஆண் என்று கொள்ளும் முறை 2017இல் வெளியாயிற்று. குழந்தையின் பல்லிலும் இது செல்லும். இத்தாலியில் மொடேனா நகரில் 2009இல் கைகோத்த நிலையில் கிடைத்து, காதலர் என்று உலகமெல்லாம் கொண்டாடிய இருவரும் ஆண்கள் என்று 2019இல் தெரிந்தது இம்முறையால்தான். ஸ்பெயினில் வாலென்ஸினா என்னுமிடத்தில் யானைத் தந்தத்தோடு பெருஞ்சிறப்பாகப் புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு தலைவர், ஆண் என்று முதலில் கருதப்பட்டவர், பெண் என்று 2023இல் வெளிப்பட்டதும் இதனால்தான்.

அப்படியானால் காலிப்பரை மூட்டை கட்டி வைத்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கூடாது என்பேன். முதலாவது, செலவும் கருவியும் தேவைப்படும் அந்தப் பரிசோதனை ஒவ்வொரு ஜில்லாவிலும் கிடைப்பதற்கில்லை. இரண்டாவது, வரம்பு மக்களைப் பொறுத்தது என்று சொன்னேனே, அது மரபணுவையும் விடவில்லை. 1998இல் இலங்கை ஆண்கள் 24 பேரைப் பரிசோதித்தபோது, இருவரிடம் ஒய் குரோமசோமிலிருக்க வேண்டிய அமெலோஜெனின் மரபணு காணப்படவில்லை. 2002இல் ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்திய ஆண்கள் 270 பேரை ஆராய்ந்தபோது, ஐவரிடம் அது இல்லை. அவர்கள் எல்லாவிதத்திலும் ஆண்களே. ஒய் குரோமசோமின் மற்றக் குறிகள் அவர்களிடம் இருந்தன. அந்த ஒரு துண்டு மட்டும் பரம்பரையில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அவர்களுள் ஒருவருடைய எலும்பு நம்மிடம் வந்து, மேல்நாட்டில் வகுத்த முறையை அப்படியே கையாண்டோமானால், பெண் என்று பிரமாணமாக எழுதிக் கொடுத்துவிடுவோம். ஆகவே ஒய் வகை அகப்படாதபோது, ஆண்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுவையோ ஒய் குரோமசோமின் வேறு குறிகளையோ தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு வசதியில்லையானால், ஒய் வகை தென்படவில்லை என்று மட்டும் எழுதி, இடுப்பும் தொடையெலும்பும் என்ன கூறுகின்றன, எந்த மக்களின் வரம்போடு ஒப்பிட்டோம், எத்தனை பங்கு நிச்சயம் என்பவற்றை அறிக்கையில் அருகே குறிக்க வேண்டும்.

நேரம் ஆகிறது. இடுப்பு வார்ப்புகளோடு ஒரு தொடையெலும்பையும் காலிப்பரையும் இங்கேயே வைத்திருக்கிறேன். மாணவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, தலையின் விட்டத்தை மும்முறை அளந்து, பக்கத்திலிருப்பவருக்குக் காட்டாமல் தாளில் குறித்துக் கொடுங்கள். எல்லோரும் அளந்து முடித்தபின் ஒப்பிட்டு, கைக்குக் கை எத்தனை மில்லிமீட்டர் வேறுபடுகிறது என்று பார்ப்போம்.